குவெவ்ரி ஒயின்: கொடியிலிருந்து கோப்பை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஜார்ஜிய ஒயினைப் பற்றி எதைப் படித்தாலும் முதல் பத்தியிலேயே 8,000 ஆண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். அது பொய்யில்லை. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் கதாச்ரிலி கோரா, ஷுலவேரி கோரா என்று இரண்டு புதிய கற்கால மேடுகள் இருக்கின்றன. அங்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினைக் காட்டிக்கொடுக்கும் டார்டாரிக் அமிலத்தின் தடயம் கிடைத்தது. காலம் கி.மு. 6000 முதல் 5800 வரை. 2017-இல் இந்த ஆய்வு வெளிவந்தபோது, அதுவரை ஈரானின் சாக்ரோஸ் மலைப்பகுதி வைத்திருந்த ‘மிகப் பழைய ஒயின்’ என்ற பெயர் ஜார்ஜியாவுக்குப் போனது.

ஆனால் 8,000 ஆண்டுப் பெருமை வந்து பானையைக் கழுவித் தராது. குவெவ்ரி என்கிற, மண்ணில் புதைத்த பெரிய களிமண் பானையில் தோல், விதை, காம்பு எல்லாவற்றோடும் திராட்சைச் சாற்றைப் போட்டு, ஈஸ்ட் எதுவும் வாங்கிச் சேர்க்காமல், ஐந்தாறு மாதம் விட்டுவைப்பதுதான் ஜார்ஜிய முறை. கேட்டால் சோம்பேறி வேலை மாதிரி இருக்கும். உண்மையில், திராட்சை பானைக்குள் போவதற்கு முன்பே வேலையில் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். அந்த முக்கால்வாசியில் கோட்டை விட்டவர்கள் வசந்தத்தில் மூடியைத் திறந்து வினிகர்தான் எடுப்பார்கள்.

கிழக்கே கக்கேதி வட்டாரத்தில், சின்னத் தோட்டமும் சில குவெவ்ரிகளும் வைத்திருக்கும் ஒரு குடும்பம் ஒரு வருடம் முழுக்க என்ன செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். படித்துவிட்டு மொட்டை மாடியில் பானை வைக்கக் கிளம்ப வேண்டாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். ஜார்ஜியாவுக்குப் போகிறவர்கள், திபிலிசியில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள், அறுவடைக் காலத்தில் ஒரு தோட்டத்தில் கைகொடுக்க ஆசைப்படுகிறவர்கள், அல்லது அந்த ஆரஞ்சு நிற ஒயின் எப்படி அப்படி ஆனது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக எழுதியது இது.

படி 1: இடமும் திராட்சையும்

ஜார்ஜியாவில் 500-க்கும் மேற்பட்ட உள்ளூர்த் திராட்சை வகைகள் பதிவாகியிருக்கின்றன. கடைக்குப் பாட்டிலாக வருவது அதில் சில டஜன் மட்டும். புதிதாக வருகிறவர் நான்கைந்து பெயரைத் தெரிந்துகொண்டால் போதும்.

கக்கேதியின் உயிர் அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கு. வடக்கே பனி மூடிய பெரிய காகசஸ் மலை, தெற்கே கோம்போரி மலைத்தொடர், நடுவே அகன்ற சமவெளி. பகலில் நல்ல வெயில். இரவில் மலைக்காற்று இறங்கிக் குளிர்விக்கும். அதனால் திராட்சையில் சர்க்கரை ஏறினாலும் புளிப்பு கரைந்துபோகாமல் நிற்கும். நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி இந்த ஒரே வட்டாரத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆற்றின் வலது கரையில் சினந்தாலி, முகுசானி, குர்ஜானி. இடது கரையில் நபரேவுலி, குவரேலி. பாட்டிலில் பார்க்கும் பல பெயர்கள் இந்த ஊர்ப் பெயர்கள்தான்.

வெள்ளைத் திராட்சையில் முதலிடம் ர்கட்சிதேலிக்கு. தடித்த தோல், கடைசிவரை இறங்காத புளிப்பு. பல மாதம் தோலோடு ஊறவைக்க இதைவிடப் பொருத்தமான வகை கிடைப்பது கஷ்டம். வாசனை வேண்டும் என்றால் இதோடு ம்த்ஸ்வானே சேர்ப்பார்கள். கிசி, கிக்வி என்ற இரண்டும் சோவியத் காலத்தில் ஏறக்குறைய காணாமல் போய், சமீப காலத்தில்தான் மீண்டு வந்தவை. எங்கேயாவது குவெவ்ரியில் செய்த கிசி கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள் என்பேன். சிவப்பில் சபெராவி ஒன்று போதும். பெரும்பாலான கருந்திராட்சைகளைப் பிழிந்தால் சாறு வெளுப்பாகத்தான் வரும், நிறம் தோலில் மட்டும் இருக்கும். சபெராவிக்குச் சதையும் சிவப்பு. நசுக்கிய விரல் நாள் முழுக்கக் கருநீலமாகவே இருக்கும்.

கிசியும் கிக்வியும் ஏன் காணாமல் போயின? சோவியத் தொழிற்சாலைகளுக்கு டன் கணக்கு மட்டும்தான் முக்கியம். நிறைய காய்க்கும் ர்கட்சிதேலியும் சபெராவியும் தோட்டங்களை நிறைத்தன, மற்ற வகைகள் வீட்டுக் கொல்லைகளில் ஒதுங்கின. அப்புறம் 1985-இல் கோர்பச்சேவ் கொண்டுவந்த மதுவிலக்கு இயக்கத்தில் தோட்டங்களே பிடுங்கப்பட்டன. இன்று திபிலிசிக்கு வடக்கே ஜிகாவ்ரா என்ற ஊரில் அரசு வைத்திருக்கும் கொடிச் சேகரிப்பில் நூற்றுக்கணக்கான உள்ளூர் வகைகளை வரிசையாக நட்டுக் காப்பாற்றுகிறார்கள். அருகிப்போன ஒரு வகையைத் திரும்ப வளர்க்க நினைக்கும் விவசாயிக்கு நாற்று இது மாதிரி இடத்திலிருந்துதான் வர வேண்டும்.

படி 2: பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை, கொடிவேலை

இலை உதிர்ந்து கொடி உறங்கும்போது கவாத்து தொடங்கும். பிப்ரவரி, மார்ச். கம்பிப் பந்தலில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நீளக் கிளையை இந்த வருடக் காய்ப்புக்கு விட்டு, அதன் அடியிலேயே இரண்டு மொட்டுள்ள ஒரு குச்சியை அடுத்த வருடத்துக்கு விடுவார்கள். மற்றதெல்லாம் வெட்டு. எத்தனை மொட்டு விடுகிறோம் என்பதுதான் எத்தனை குலை வரும் என்பதை முடிவு செய்யும். ஆசைப்பட்டு அதிகம் விட்டால் சாறு நீர்த்துப்போகும், பானையில் ஆறு மாதம் வைத்தாலும் அதில் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

வெட்டிய கொடிக்குச்சிகளை யாரும் எறிவதில்லை. கட்டுக்கட்டாகக் காயவைத்து, ம்த்ஸ்வாதி என்கிற இறைச்சிக் கம்பி வறுவலுக்கு அந்த நெருப்பைத்தான் மூட்டுவார்கள். கொடிக்குச்சி சட்டென்று எரிந்து கனமான தணல் தரும்.

ஏப்ரலில் தளிர். மே கடைசியிலிருந்து ஜூன் வரை பூ. இந்தக் காலத்தில் அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும் வரும். தாமிரக் கலவையும் கந்தகமும் தெளிப்பது பழைய வழி, இன்றும் இயற்கை விவசாயிகள் செய்வது அதைத்தான். பெரிய பயம் ஆலங்கட்டி மழை. கக்கேதியில் ஜூன், ஜூலையில் அரை மணி நேரம் ஆலங்கட்டி விழுந்தால் அந்த வருடம் அங்கேயே முடிந்தது. வலை கட்டினால் காப்பாற்றலாம். ஆனால் செலவு அதிகம், எல்லாரும் கட்ட முடிவதில்லை. ஆகஸ்டில் காய் நிறம் மாறத் தொடங்கும்போது, குலையை மறைக்கும் இலைகளைக் கொஞ்சம் கிள்ளிவிடுவார்கள். காற்றோட்டம் இருந்தால் அழுகல் வராது.

காம்போடு போடப்போவதால் இன்னொரு விஷயத்தையும் இந்த மாதத்திலிருந்தே கவனிக்க வேண்டும். காம்பு பச்சையாக இருந்தால் ஒயினில் பச்சைக் கசப்பு ஏறிவிடும். பழுப்பேறி, மரம் மாதிரி இறுகியிருந்தால்தான் பானைக்குள் விடலாம்.

படி 3: குவெவ்ரி வாங்குவது, புதைப்பது

குவெவ்ரியின் வடிவத்தைச் சொல்ல நமக்கு நல்ல உவமை கைவசம் இருக்கிறது: முதுமக்கள் தாழி. அதே மாதிரி அகன்ற வயிறு, கீழே குறுகிக்கொண்டே போகும் அடிப்பாகம், தரையில் தானாக நிற்காது. சிறியது 20 லிட்டர், பெரியது 10,000 லிட்டர் வரை உண்டு. குடும்பங்களில் பெரும்பாலும் பார்ப்பது சில நூறு லிட்டரிலிருந்து 2,000 லிட்டர் வரை.

செய்கிறவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. கக்கேதியில் வர்திசுபானி, மேற்கே இமெரேதியில் ஷ்ரோஷா, மகத்துபானி, குரியாவில் அத்சானா என்று ஒரு சில ஊர்கள்தான். தொழில் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. சக்கரம் கிடையாது. களிமண்ணைத் தடித்த கயிறு மாதிரி உருட்டி, சுற்றுச் சுற்றாக அடுக்கி, கையால் இழைத்து, ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான் உயர்த்துவார்கள். கீழே போட்ட சுற்று இறுகாமல் மேலே ஏற்றினால் பாரம் தாங்காமல் சரிந்துவிடும். அதனால் ஒரே நேரத்தில் பல பானைகளை வரிசையாக வைத்து, ஒன்று காயும்போது அடுத்ததற்குப் போவார்கள். ஒரு தொகுதி எழும்ப மாதக்கணக்கில் ஆகும். பிறகு சூளையின் வாயைச் செங்கல் வைத்து அடைத்து, விறகு போட்டு, 1,000 டிகிரிக்கு மேல் ஏற்றி, ஏறக்குறைய ஒரு வாரம் எரிப்பார்கள். இரவிலும் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சூடு முழுக்க ஆறும் முன் உள்ளே உருக்கிய தேன்மெழுகைத் தடவுவார்கள். வெதுவெதுப்பான சுவர் மெழுகைக் குடித்துக்கொள்ளும். நுண்துளைகள் அடைபடும், ஆனால் கண்ணாடி மாதிரி முழு அடைப்பு ஆகாது. மெழுகு அதிகமானால் ஒயினுக்கு மெழுகு வாசனை வந்துவிடும். வெளிப்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு, பெரிய பானைகளுக்கு இந்தக் காலத்தில் சிமென்டும் கம்பியும்கூடச் சேர்க்கிறார்கள்.

வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிக் கேட்பார்கள். மணி மாதிரி ஒலித்தால் நன்றாக வெந்திருக்கிறது. மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல். அப்புறம் தண்ணீர் நிரப்பி நாள் கணக்கில் விட்டுக் கசிவு பார்ப்பார்கள். இதில் அவசரப்படக் கூடாது. புதைத்த பிறகு கண்டுபிடித்தால் மறுபடி தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

புதைக்கும் இடத்துக்கு மரானி என்று பெயர். வீட்டோடு சேர்ந்த அறையாகவோ, கூரை போட்ட கொட்டகையாகவோ இருக்கும். குழியில் நேராக நிறுத்தி, சுற்றிலும் மணலும் மண்ணும் இட்டு, கழுத்து மட்டும் தரை மட்டத்தில் தெரிய விடுவார்கள். வெளியே 35 டிகிரி அடித்தாலும் மண்ணுக்கடியில் 14, 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். குளிரூட்டும் இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை நிலம் செய்துவிடுகிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் குவெவ்ரி தலைமுறைகளைத் தாண்டும். தாத்தாவுக்குத் தாத்தா புதைத்ததில் இன்றும் ஒயின் போடுகிற வீடுகள் இருக்கின்றன.

இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் சூளைக்கு ஆள் கிடைப்பது அதனால் எளிதாகிவிடாது.

படி 4: கழுவுதல்

சுற்றுலாப் படங்களில் இந்தப் படி வராது. என்னைக் கேட்டால் மொத்த முறையிலும் இதைவிட முக்கியமான படி இல்லை.

யோசித்துப் பாருங்கள். மண்பானை, நுண்துளைகள் நிறைந்தது. அசைக்க முடியாது, கவிழ்க்க முடியாது. போன வருடத்து வண்டல் சுவரில் ஒட்டியிருக்கும். வாங்கிய ஈஸ்ட் சேர்க்கப் போவதில்லை, கந்தகம் போட்டாலும் துளிதான். அப்படியானால் பானைச் சுவரில் எது குடியிருக்கிறதோ அதுதான் ஒயினின் விதியை எழுதும். நல்ல ஈஸ்ட் வேலை செய்ய வேண்டுமானால் கெட்ட பாக்டீரியாவுக்கு அங்கே இடம் இருக்கக் கூடாது.

கருவிகள் எளியவை. செர்ரி மரப்பட்டைத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நீளக் கம்பின் முனையில் கோர்த்த தேய்ப்பான் ஒன்று. தண்ணீரில் ஊறினால் பட்டை வளைந்து கொடுக்கும், சுவரைச் சுரண்டும், மெழுகைக் கீறாது. கிராசானா என்ற மஞ்சள் பூச்செடியை உலர்த்தி உருண்டையாகக் கட்டிய தூரிகை இன்னொன்று. அப்புறம் நீளக் கைப்பிடி வைத்த சுரைக்குடுக்கை. அடியில் தேங்கும் தண்ணீரை அதால்தான் மொண்டு எடுப்பார்கள்.

முதலில் தண்ணீர் விட்டு வண்டலைக் கலைத்து மொண்டு கொட்ட வேண்டும். அடுத்து சுண்ணாம்பு நீரோ சாம்பல் நீரோ விட்டுத் தேய்ப்பு. கழுத்திலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து அடிவரை சுற்றிச் சுற்றி. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கம்பின் வழியே கைக்குத் தெரிய வேண்டும்: வழவழப்பாக நழுவினால் அழுக்கு இன்னும் இருக்கிறது, சொரசொரப்பாகப் பிடித்தால் சுவர் வந்துவிட்டது. மொண்டு எடு, புதுத் தண்ணீர் விடு, மறுபடி தேய். கடைசியாக மொண்ட தண்ணீரை வாயில் வைக்கலாம் என்கிற அளவுக்குத் தெளிந்து, எந்த வாசனையும் இல்லாமல் இருந்தால்தான் நிறுத்தலாம். ஒரு பெரிய குவெவ்ரிக்கு ஒரு முழு நாளே போய்விடும். பிறகு உலரவிட்டு, உள்ளே ஒரு துண்டுக் கந்தகம் எரித்து மூடிவைப்பார்கள்.

பெரிய குவெவ்ரிக்குள் ஆளே இறங்கிக் கழுவுவதும் உண்டு. அங்கே உயிருக்கே ஆபத்து இருக்கிறது. நொதித்தலில் வரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. பானையின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும். எரியும் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள், அணைந்தால் இறங்கவே கூடாது. அணையாவிட்டாலும் தனியாக இறங்க வேண்டாம், மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பது இரண்டாவது சாவுக்கு வழி.

படி 5: ர்த்வேலி

ர்த்வேலி என்றால் திராட்சை அறுவடை. கக்கேதியில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நடக்கும். மேற்கே இமெரேதி பக்கம் இன்னும் தள்ளி, அக்டோபர், நவம்பர்கூட ஆகும். நகரத்தில் வேலை பார்க்கிறவர்கள் லீவு போட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்துவிடுவார்கள்.

நாள் குறிப்பதற்கு முன் திராட்சையைக் கடித்துப் பார்ப்பார்கள். விதை பழுப்பாகி, கடித்தால் நொறுங்க வேண்டும். கருவி வைத்துப் பார்த்தால் சாற்றின் சர்க்கரை அளவு 22 முதல் 25 பிரிக்ஸ், அதாவது ஏறத்தாழ 12.5 முதல் 14 சதவீத ஆல்கஹால். ம்த்ஸ்வானே, கிசி முன்னால் வரும். ர்கட்சிதேலி பின்னால். சபெராவி பெரும்பாலும் கடைசி.

விடியற்காலையில் குளிர்ச்சி இருக்கும்போதே பறிக்க வேண்டும். அழுகிய பழம், பூசணம் பிடித்த குலை, பச்சைக் காம்பு எல்லாம் தோட்டத்திலேயே கழிந்துவிட வேண்டும். ஒரு கூடை கெட்ட பழம் பானைக்குள் போனால் அதைப் பின்னால் பிரித்தெடுக்க வழியே இல்லை. கைகொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: வேகமாகப் பறித்துப் பெயர் வாங்க நினைக்காதீர்கள், ஒவ்வொரு குலையையும் திருப்பிப் பாருங்கள்.

குரியா, சமெக்ரேலோ, அட்ஜாரா மாதிரி மேற்கு வட்டாரங்களில் கொடியை மரத்தின்மேல் ஏற்றிவிடும் பழைய வழக்கம் உண்டு. அங்கே அறுவடை என்றால் மரம் ஏறுவதுதான். அடி கூராக இருக்கும் நீளக் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள்.

அன்றைக்கே அடுப்பில் இன்னொரு வேலையும் நடக்கும். திராட்சைச் சாற்றை மாவு சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சி, நூலில் கோத்த அக்ரூட் பருப்பை அதில் திரும்பத் திரும்ப முக்கித் தொங்கவிட்டால் சர்ச்கேலா. சாலையோரக் கடைகளில் மெழுகுவர்த்தி மாதிரி தொங்குவது அதுதான்.

படி 6: மிதித்து நிரப்புதல்

பழைய முறையில் ஒரு பெரிய மரத்தைக் குடைந்து செய்த தொட்டியில் குலைகளைக் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். காலுக்கு விதையை உடைக்கும் பலம் கிடையாது, அதனால் விதையின் கடுங்கசப்பு சாற்றில் இறங்காது. இப்போது பல வீடுகளில் கையால் சுற்றும் நசுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. உருளைகளின் இடைவெளி சரியாக இருந்தால் அதுவும் பழுதில்லை.

சாறு குவெவ்ரிக்குள் ஓடும். பின்னாலேயே சக்கை, அதாவது தோல், விதை, காம்பு போகும். இந்தச் சக்கைக்கு ஜார்ஜியர்கள் சொல்லும் பெயர் சாச்சா. கக்கேதி முறையில் சக்கை முழுவதும் உள்ளே போகும். விளிம்புவரை நிரப்பக் கூடாது. ஐந்தில் நான்கு பங்கு போதும், 1,000 லிட்டர் பானையில் 800 லிட்டர். பொங்கி எழும்போது இடம் வேண்டும்.

படி 7: பொங்கும் நாட்கள்

இரண்டு மூன்று நாளில் தோலோடு வந்த ஈஸ்ட்டே வேலையைத் தொடங்கிவிடும். பானைக்குள்ளிருந்து கொதிக்கிற மாதிரி சத்தம் வரும். வாயுவின் உந்தலில் சக்கை மேலே ஏறித் தடித்த மூடி மாதிரி நிற்கும். அதை அப்படியே விட்டால் மேற்பரப்பு காய்ந்து, காற்றுப் பட்டு, வினிகர் பாக்டீரியா குடியேறும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, சில வீடுகளில் அதற்கும் மேல், நீளக் கம்பால் சக்கையைக் கீழே அமுக்கிக் கலக்க வேண்டும். இரவிலும் எழுந்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள், சில வருடம் அதற்கும் கூடுதலாக இப்படிப் போகும்.

இந்த நாட்களில் மரானியின் கதவும் சன்னலும் திறந்தே இருக்கட்டும். மெழுகுவர்த்தி எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

சபெராவிக்குப் பாதை கொஞ்சம் வேறு. பெரும்பாலும் காம்பை நீக்கிவிடுவார்கள், நொதித்தல் முடிந்த சில வாரத்தில் சக்கையிலிருந்து பிரித்தும்விடுவார்கள். அதற்கு ஏற்கெனவே நிறமும் துவர்ப்பும் போதும் போதும் என்கிற அளவுக்கு உண்டு.

படி 8: மூடிவிட்டுத் தொடாமல் இருத்தல்

சர்க்கரை தீர்ந்ததும் வாயு குறையும், சக்கை தானாகக் கீழே இறங்கும். இதுதான் அடையாளம். உடனே அதே ஒயினை வேறு பானையிலிருந்து எடுத்து விளிம்புவரை நிரப்பி, கல்லோ மரமோ மூடியாக வைத்து, விளிம்பைச் சுற்றி ஈரக் களிமண் அப்பி அடைக்க வேண்டும். களிமண் காய்ந்து வெடிக்காமலிருக்க மேலே ஈர மணல் கொட்டுவதும் உண்டு. பெரிதும் சிறிதுமாகப் பல அளவில் பானை வைத்திருப்பதன் காரணம் இங்கே புரியும்: அரைகுறையாக நிரம்பிய குவெவ்ரி கெட்டுப்போகும், மிச்சத்தை ஊற்ற எப்போதும் சின்னப் பானை வேண்டும்.

மூடிய பிறகு உள்ளே நடப்பதில்தான் அந்த வடிவத்தின் புத்திசாலித்தனம் இருக்கிறது. கனமான விதைகள் கூரான அடிப்பகுதியில் முதலில் போய்ச் சேரும். மேலே வண்டலும் தோலும் படியும். கடுங்கசப்புள்ள விதை அடியில் புதைபட்டுப்போவதால் ஒயினோடு அதிகம் உறவாடாது. தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பும் நிறமும் மட்டும் மெதுவாகக் கலந்துகொண்டிருக்கும். வெள்ளைத் திராட்சை ஒயினுக்கு அந்த ஆரஞ்சு நிறம், அதாவது அம்பர் நிறம் வருவது இப்படித்தான். அந்தத் துவர்ப்பே கெடாமல் காப்பாற்றவும் செய்கிறது. கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

படி 9: வசந்தத்தில் திறப்பது

மார்ச், ஏப்ரலில் மூடி திறக்கும். நன்றாக வந்திருந்தால் மேலே ஒயின் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும், தேன், உலர் பழம், தேயிலை வாசனை வரும். சூப்பு மாதிரி கலங்கியிருந்தாலோ, மூக்கைத் துளைக்கும் வினிகர் நெடி வந்தாலோ, அந்தக் குவெவ்ரியை இனி எதுவும் காப்பாற்றாது.

தெளிந்ததைச் சக்கை கலங்காமல் மெதுவாக எடுத்து, கழுவித் தயாராக இருக்கும் வேறு குவெவ்ரிக்கு மாற்றுவார்கள். சில மாதம் அங்கே இளைப்பாறிய பிறகுதான் பாட்டில். வடிகட்டாமல் அடைப்பவர்கள் நிறைய. அடியில் கொஞ்சம் வண்டல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சுமாராக 1,000 கிலோ திராட்சைக்கு 600, 700 லிட்டர் ஒயின் கிடைக்கும்.

அடியில் தங்கிய சக்கை, காய்ச்சி வடிக்கும் செப்பு வாலைக்குப் போகும். வடித்து வரும் சாராயத்துக்கும் அதே சாச்சா என்ற பெயர்தான். 40, 50 சதவீதம், வீட்டில் காய்ச்சியது அதற்கும் மேல். விருந்தாளிக்குக் காலையிலேயே ஊற்றிக்கொடுப்பார்கள், உஷார்.

இமெரேதி முறை எப்படி மாறுகிறது

கருங்கடல் காற்று படும் மேற்குப் பக்கம் ஈரம் அதிகம், காம்பு பெரும்பாலும் முழுக்க முற்றாது. அதனால் காம்பைச் சேர்ப்பதில்லை. சக்கையிலும் பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரைதான் போடுவார்கள், ஊறும் காலமும் குறைவு. த்சோலிகௌரி, த்சிட்ஸ்கா, க்ராகுனா என்ற வகைகள். நிறம் வெளிர்மஞ்சள், துவர்ப்பு மெல்லிசு. அம்பர் ஒயினின் கடுமை முதல் முறை பயமுறுத்துகிறது என்றால் இமெரேதியில் தொடங்குங்கள்.

பாட்டில் வாங்கும்போது

ஜார்ஜிய ஒயின் எல்லாம் குவெவ்ரி ஒயின் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். நாட்டில் தயாராவதில் மிகப் பெரும்பங்கு எஃகுத் தொட்டியில், ஐரோப்பிய முறையில் செய்தது. லேபிளில் குவெவ்ரி என்று வெளிப்படையாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சினந்தாலி என்றால் ர்கட்சிதேலியோடு ம்த்ஸ்வானே கலந்த உலர் (இனிப்பில்லாத) வெள்ளை, அம்பர் அல்ல. அலெக்சாண்டர் சாவ்சவாட்சே என்ற கவிஞர் இளவரசரின் பண்ணை இருந்த ஊர் அது, 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய முறை வேரூன்றிய இடம். முகுசானி ஓக் பீப்பாயில் முதிர்ந்த உலர் சபெராவி. கிண்ட்ஸ்மராவுலி அதே சபெராவியில் செய்த அரை இனிப்பு. க்வன்ச்கரா மலைப்பாங்கான ராச்சா வட்டாரத்து அரை இனிப்பு, அலெக்சாந்த்ரௌலியும் முஜுரெதுலியும் சேர்ந்தது.

இந்த அரை இனிப்பு ஒயின்கள்தான் ரஷ்யச் சந்தையின் செல்லப்பிள்ளை. 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது, 2013-இல்தான் திறந்தது. ஏற்றுமதியில் பெரும்பகுதி போன இடம் ஒரே நாளில் அடைபட்டதும் பலர் நொடித்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் மற்ற நாடுகளில் வாங்குகிறவர்களைத் தேடினார்கள். அங்கே இனிப்பு ஒயினுக்குக் கிராக்கி இல்லை, தாத்தா வீட்டுப் பானை ஒயினுக்கு இருந்தது.

குடிப்பது

அம்பர் ஒயினை ஐஸ் மாதிரி குளிரவைத்தால் துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 12 முதல் 15 டிகிரி சரி. கொஞ்சம் அகன்ற கோப்பை, ஊற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். அக்ரூட் விழுது தடவிய கத்தரிக்காய், சீஸ் ரொட்டியான கச்சாபுரி, சுட்ட இறைச்சி எல்லாம் இதோடு சேரும்.

சுப்ரா என்ற விருந்துக்கு அழைத்தால் ஒழுங்கு தெரிந்துகொண்டு போங்கள். மேசைக்கு ஒரு தலைவர் உண்டு, அவர் தமாதா. ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் பேசுவார்: அமைதிக்கு, பெற்றோருக்கு, மறைந்தவர்களுக்கு, விருந்தாளிக்கு. அவர் பேசி முடிக்கும்முன் குடிப்பது மரியாதை இல்லை. ‘கௌமார்ஜோஸ்’ என்று சொல்லிவிட்டுக் குடிக்கலாம். ஆட்டுக்கொம்பில் ஊற்றிக் கொடுத்தால் முடிக்காமல் கீழே வைக்க முடியாது. குடிக்காதவர்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் புரிந்துகொள்வார்கள். நடுவில் சொல்வதுதான் சங்கடம்.

நேரில் பார்க்க

செப்டம்பர் கடைசி வாரம் கக்கேதியில் தெலாவியிலோ சிக்னாகியிலோ தங்குவது நல்லது. அலவேர்தி மடத்துத் துறவிகள் இன்றும் குவெவ்ரியில் ஒயின் செய்கிறார்கள். அங்கே 11-ஆம் நூற்றாண்டுப் பேராலயம் உண்டு, தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். பக்கத்திலேயே இகால்தோ மடத்தில் பழைய குவெவ்ரிகள் வெளியே கிடத்தியிருக்கும். வடிவத்தை முழுசாகப் பார்க்க இதைவிட நல்ல இடமில்லை, மரானிகளில் கழுத்து மட்டும்தானே தெரியும். அறுவடையைத் தவறவிட்டவர்கள் மே மாதம் போகலாம். புதிதாகத் திறந்த ஒயின்களோடு திபிலிசியில் விழா நடக்கும். மரானி மரானியாகச் சுற்றுவதென்றால் ஓட்டுநர் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையோரம் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்கும் வீட்டு ஒயினை வாங்கினால் அன்றோ மறுநாளோ முடித்துவிடுங்கள், ஊருக்குக் கொண்டுவரத் தாங்காது. கார்க் அடைத்த பாட்டில்களைத் துணி சுற்றிப் பெட்டியில் வையுங்கள். இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை, அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. ஒரு கிசி, ஒரு சபெராவி என்று வாங்கினால் கணக்கு சரியாக இருக்கும்.